இரண்டு கொடுங்கோடைகளுக்கு நடுவே: மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளும் கடல் வெப்பமும்

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் 2016 கோடைக்கு முன்பு உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதம். கோடை முடிந்து எல்லாம் அடங்கியபின் எடுத்த கணக்கில் அது 22.7 சதவீதம். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை தீவு தீவாக மூழ்கிப் பார்த்து எடுத்த அளவு இது. அந்த இழப்புக்குக் காரணம் புயலோ எண்ணெய்க் கசிவோ இல்லை. கோடையில் சில வாரங்கள் கடல்நீர் வழக்கமான உச்சத்தைவிடச் சற்றே கூடுதலாகச் சூடாகக் கிடந்தது.

ஓரிரு டிகிரி சூட்டுக்கு இவ்வளவு சேதமா என்று யாருக்கும் தோன்றும். கரையில் வாழும் நமக்குக் காலைக்கும் நடுப்பகலுக்கும் நடுவிலேயே பத்து டிகிரி ஏறி இறங்குகிறது. பவளம் அப்படிப் பழகியதில்லை. ஆண்டின் மிகச் சூடான மாதத்துச் சராசரிக்குக் கொஞ்சம் கீழேயே அதன் வாழ்க்கை ஓடுகிறது. அந்தச் சராசரிக்கு மேலே அதற்குக் கிடைக்கும் தாங்குதிறன் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ்தான். அதைத் தாண்டியபின் எத்தனை வாரம் வெப்பம் நீடிக்கிறது என்பது அந்தக் கோடையில் எவ்வளவு பவளம் சாகும் என்பதை முடிவு செய்கிறது. அடுத்த கொடுங்கோடை எத்தனை ஆண்டு தள்ளி வருகிறது என்பதோ பாறை பிழைக்குமா என்பதையே முடிவு செய்கிறது. இந்த இரண்டாவது கணக்கைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

பவளம் எப்படி வெளிறுகிறது

பவளப்பாறையைக் கட்டுவது பாலிப் என்ற சிறு விலங்கு. பெரும்பாலான இனங்களில் ஒரு பாலிப் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டி அதற்குள் உட்கார்ந்து, இரவில் உணர்கொம்புகளை நீட்டி மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும். ஆனால் அதன் உணவுத் தேவையின் பெரும்பகுதி, சில இனங்களில் 90 சதவீதம் வரை, அதன் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும் ஜூக்ஸாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசிகளிடமிருந்து வருகிறது. பவளத்தின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் இந்தப் பாசிகள் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும். அவை ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரையைத் தருகின்றன. பாலிப் தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அவற்றுக்குத் தருகிறது. நாம் பவளத்தில் பார்க்கும் பழுப்பு, பச்சை, மஞ்சள் நிறங்கள் பெரும்பாலும் இந்தப் பாசிகளின் நிறமே.

நீர் சூடேறும்போது முதலில் பழுதாவது பாசியின் ஒளிச்சேர்க்கைக் கருவி. ஒளியைப் பிடிக்கும் பகுதி வழக்கம்போல் வேலை செய்துகொண்டே இருக்கும். பிடித்த ஆற்றலைச் சர்க்கரையாக்கும் பகுதியும் பழுதைச் சரிசெய்யும் பகுதியும் பின்தங்கிவிடும். செலவாகாமல் தேங்கும் ஆற்றல், ஆக்சிஜனின் வீரியமிக்க வடிவங்களை உண்டாக்குகிறது. அவை பாசியின் சவ்வுகளை அரித்துப் பாலிப்பின் திசுவுக்கும் பரவுகின்றன. பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசிகளை வெளியேற்றத் தொடங்குகிறது. பாசி போனதும் திசு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். அடியிலிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரியும். இதையே வெளிறுதல் என்கிறோம்.

இந்தக் கோளாறில் சூட்டோடு வெளிச்சத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் ஒரே பாறையில் மேல்முகம் வெளிறி, நிழல்படும் அடிப்பக்கம் நிறத்தோடு இருப்பதைப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவுக்கு இது கெட்ட செய்தி. இங்குள்ள பாறைகள் தீவுகளைச் சுற்றி மிக ஆழங்குறைந்த இடங்களில், பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்குள் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் காற்று விழுந்து, அலை அடங்கி, நீர் தெளிந்துவிட்டால் நேர்வெயில் அடிவரை இறங்கும். மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலப்பதும் நின்றுபோகும். மீனவருக்குத் தொழிலுக்கு வாகாகத் தெரியும் அந்தக் கண்ணாடிக் கடல்தான் பவளத்துக்கு ஆகாத கடல்.

பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் என்ற பருவக்காற்று அடிக்கத் தொடங்கும். கடல் கலங்கும், நீர் கலக்கும், மேகம் வெயிலை மறைக்கும். இப்பகுதியில் ஒவ்வொரு கோடையிலும் நீர் 30 டிகிரியைத் தாண்டியதும் ஆங்காங்கே வெளிறுதல் தொடங்கி, காற்று எழுந்தபின் மெல்லத் தெளிந்து பழைய நிறம் திரும்புவதை ஆய்வாளர்கள் 2005 முதல் தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள். சாதாரண ஆண்டில் இது வந்துபோகும் நோய். கச்சான் தாமதமாகும் ஆண்டிலும், கடல் முன்கூட்டியே சூடேறிவிடும் ஆண்டிலும்தான் இழப்பு.

வெளிறிய பவளம் செத்த பவளமாகிவிடாது. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். வெளிறிய நிலையில் பாலிப் உயிரோடிருக்கும். சேமித்த கொழுப்பைக் கரைத்தும் இரவில் இரை பிடித்தும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் நீர் குளிர்ந்துவிட்டால் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பாசியே பெருகி மீண்டும் நிறம் கொடுத்துவிடும். சில இனங்கள் வெளிறும்போது வெள்ளையாகாமல் பளிச்சென்ற நீலமோ ஊதாவோ இளஞ்சிவப்போ காட்டும். அது பவளம் தன் திசுவில் தானே உண்டாக்கும் நிறமி. பார்க்க அழகாக இருந்தாலும் அதுவும் துன்பத்தின் அடையாளமே.

வாரக் கணக்கு

வெப்பம் எவ்வளவு நாள் நீடித்தது என்பதை ஒரே எண்ணில் சொல்ல அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா ஓர் அளவை வைத்திருக்கிறது. தமிழில் அதை வெப்ப வாரங்கள் என்று சொல்லலாம். கணக்கு எளிது. முதலில் அந்த இடத்தின் மிகச் சூடான மாதத்துக்கு உரிய நீண்டகாலச் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வாரமும் நீர் அதைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்க்க வேண்டும். கூடுதல் 1 டிகிரிக்குக் குறைவானால் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1 டிகிரியோ அதற்கு மேலோ என்றால் அந்த எண்ணை அப்படியே கூட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசி 12 வாரங்களின் கூட்டுத்தொகைதான் வெப்ப வாரங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓரிடத்தின் கோடைச் சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த எட்டு வாரங்களில் நீர் 30.6, 31.0, 31.4, 31.2, 31.8, 31.5, 30.9, 31.3 என்று இருக்கிறது. முதல் வாரமும் ஏழாவது வாரமும் 1 டிகிரிக் கூடுதலை எட்டாததால் கணக்கில் வராது. மற்றவை 1.0, 1.4, 1.2, 1.8, 1.5, 1.3. நான்காம் வார முடிவில் கூட்டுத்தொகை 3.6, ஐந்தாம் வாரத்தில் 5.4, எட்டாம் வாரத்தில் 8.2. இந்த எட்டு வாரத்தில் ஒரு வாரமும் நீர் சராசரியாக 32 டிகிரியைத் தொடவேயில்லை. ஆனாலும் 4-ஐத் தாண்டியதும் பரவலான வெளிறுதலையும், 8-ஐத் தாண்டியதும் கணிசமான சாவையும் எதிர்பார்க்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் மழையோ மேகமோ வந்து நீர் அரை டிகிரி இறங்கினாலும் அதுவரை சேர்ந்த சுமை அழிவதில்லை, பன்னிரண்டு வாரம் அது கணக்கிலேயே நிற்கும் என்பதையும் இதில் பார்க்கலாம்.

எச்சரிக்கையின் மேல்நிலை நெடுங்காலம் 8-ஓடு நின்றிருந்தது. 2023-இல் கரீபியனில் வந்த வெப்பம் அந்த அளவுகோலையே தாண்டிப் போய்விட்டதால், அந்த ஆண்டு இறுதியில் புதிய படிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது மிக உயர்ந்த படி 20 வெப்ப வாரங்களில் தொடங்குகிறது. அந்த நிலையில் பாறையின் பெரும்பகுதி செத்துவிடும் அபாயம் உண்டு.

இந்தியக் கடல்களுக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் செயற்கைக்கோள் வெப்பநிலையைக் கொண்டு வெளிறுதல் எச்சரிக்கை தருகிறது. அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு, கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா எல்லாம் அதில் அடங்கும். பயனுள்ள சேவை. ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேற்பரப்பை மட்டும். அதுவும் சில கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாக. தீவுக்கும் பாறைக்கும் நடுவே தேங்கும் முழங்கால் ஆழ நீர் மதியத்தில் அந்தக் கட்டத்தின் சராசரியைவிட நன்றாகவே சூடாகும். அதனால் ஒரு பாறையைப் பற்றிப் பேச வேண்டுமானால், அந்தப் பாறையிலேயே, பவளம் இருக்கும் ஆழத்திலேயே, அரைமணிக்கு ஒருமுறை பதியும் வெப்பநிலைக் கருவியைக் கட்டிவைக்க வேண்டும். கருவியில் நேர்வெயில் பட்டால் நீரைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நிழலில், ஒரு குழாய்த்துண்டுக்குள் வைத்துக் கட்டுவது நல்லது. சிப்பியும் பாசியும் மூடிவிடாமல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைக்கவும் வேண்டும்.

கண்ணால் பார்த்து மதிப்பிடுவதிலும் தவறுகள் நேர்கின்றன. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெப்பத்தால் வெளிறியது என்று எழுதிவிடக் கூடாது. முள்முடி நட்சத்திரமீன் தின்றுபோன இடமும், பவளம் தின்னும் சிறு நத்தைகள் மேய்ந்த இடமும், நோயில் திசு உரிந்த இடமும் வெள்ளையாகவே இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வெப்பத்தில் வெளிறிய பவளத்தில் வழவழப்பான திசு இன்னும் இருக்கும், பாலிப்புகள் சுருங்கி விரியும், நிறம் படிப்படியாக மங்கியிருக்கும். தின்ற இடத்திலும் நோய்ப்பட்ட இடத்திலும் வெறும் கூடு மட்டும் சொரசொரப்பாக இருக்கும். உயிருள்ள பகுதிக்கும் அதற்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் எல்லை தெரியும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் வெளியிட்ட நிற அட்டை ஒன்று இதற்கு உதவும். 1 முதல் 6 வரை நிறச்செறிவு குறித்திருக்கும். ஒரே பவளத்தை ஒரே இடத்தில் வாரந்தோறும் அட்டையோடு ஒப்பிட்டால், இரண்டு படி இறக்கம் என்பது வெளிறுதல் தொடங்கிவிட்டதன் அறிகுறி. ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு எண் சொல்வதில் பயனில்லை. இனத்துக்கு இனம் இயல்பான நிறமே வேறுபடும்.

யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள்

வெப்பம் எல்லாப் பவளத்தையும் ஒன்றுபோல் கொல்வதில்லை. 2016-இல் மன்னார் வளைகுடாவில் பெரிதும் அடிபட்டவை அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா ஆகிய வகைகள். கிளைவிட்டும் தட்டையாக விரிந்தும் வேகமாக வளர்பவை இவை. உருண்டை உருண்டையாக வளரும் போரைட்டிஸ், மூளைப் பவளங்கள் போன்றவை வெளிறினாலும் பெருமளவு மீண்டன. கிளைப் பவளத்தின் திசு மெல்லியது. போரைட்டிஸின் திசு தடித்தது, கூட்டுக்குள் ஆழமாக இறங்கியிருப்பது. சேமிப்பு அதிகம், பாசிக்கு நிழலும் அதிகம்.

அப்படியானால் தாங்குபவை பிழைத்துப் பெருகட்டுமே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். மீனுக்கு வீடு கொடுப்பது கிளைப் பவளம். அதன் இடுக்குகளில்தான் களவா மீனின் குஞ்சு ஒளிகிறது, சிங்கி இறால் பகலில் பதுங்குகிறது, சிறு மீன் கூட்டங்கள் தங்குகின்றன. உருண்டைப் பவளங்கள் மட்டும் மிஞ்சிய பாறையில் பவளப் பரப்பின் சதவீதம் பரவாயில்லை என்று கணக்கு காட்டும். இடுக்குகள் இருக்காது, மீனும் இருக்காது. பாறையின் நலத்தைப் பவளப் பரப்பின் சதவீதத்தால் மட்டும் அளப்பது போதாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பாசியிலும் வகைகள் உண்டு. டுருஸ்டினியம் என்ற இனத்துப் பாசியைக் கொண்ட பவளங்கள் மற்றவற்றைவிட 1 முதல் 1.5 டிகிரி வரை கூடுதலாகத் தாங்குகின்றன. ஆனால் அந்தப் பாசி பவளத்துக்குத் தரும் உணவு குறைவு, வளர்ச்சி மெதுவாகிறது. பாரசீக வளைகுடாவில் கோடையில் 34, 35 டிகிரியிலும் பவளங்கள் வாழ்கின்றன என்பதைச் சிலர் நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவை பல்லாயிரம் ஆண்டுகளில் அந்த நீருக்குப் பழகியவை. நம் கடலோ சில பத்தாண்டுகளில் மாறிக்கொண்டிருக்கிறது. 1950 முதல் 2020 வரை இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடேறியிருக்கிறது.

செத்த பிறகு நடப்பது

திசு செத்த சில நாளிலேயே கூட்டின் மேல் நூல்போன்ற பாசி படரும். வெள்ளை மறைந்து பழுப்பும் பச்சையுமாகிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பாறை தேறிவிட்டதுபோல் தெரியும். அடுத்த சில மாதங்களில் துளைக்கும் கடற்பஞ்சுகளும் புழுக்களும் கூட்டுக்குள் புகுகின்றன. உயிரோடிருக்கும் பவளம் தன் திசுவால் இவற்றைத் தடுத்துவைத்திருந்தது, இப்போது தடையில்லை. அடுத்த கச்சானிலோ அதற்கடுத்த கச்சானிலோ கிளைகள் ஒடிந்து சல்லியாகக் குவியும். இந்தச் சல்லி மிகவும் கெடுதலானது. அலைக்கு அலை உருண்டுகொண்டே இருப்பதால் அதன்மேல் ஒட்டும் பவளக் குஞ்சுகள் நசுங்கிச் சாகும். கிளைகள் ஒடியாமல் நின்றால் மீட்சி விரைவாகவும், சல்லியாகிவிட்டால் மிகத் தாமதமாகவும் நடப்பதற்கு இதுவே காரணம்.

மன்னார் வளைகுடாவில் இதோடு இன்னொரு தொல்லை. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற கடற்பாசி, தீவுப் பாறைகளில் தானாகவே பரவியிருப்பது 2008-இல் குருசடைத் தீவில் பதிவானது. தடித்த, ரப்பர்போன்ற இந்தப் பாசி உயிருள்ள கிளைப் பவளத்தின் மேலேயே பாய்போல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. வெப்பத்தில் செத்த பரப்பு அதற்கு மிக வாகான இடம். கையால் பிடுங்கி அகற்றலாம். ஆனால் உடைந்து மிதக்கும் சிறு துண்டும் வேறோரிடத்தில் ஒட்டி வளரும். எனவே பிடுங்குபவர் ஒவ்வொரு பிடியையும் அப்போதே நெருக்கமான கண்ணுள்ள வலைப்பையில் போட்டுக் கட்டி, கரைக்குக் கொண்டுபோய்க் காயவைக்க வேண்டும். பவளத்தோடு ஒட்டிய அடிப்பகுதி மிஞ்சினால் அதிலிருந்தே மீண்டும் வரும்; சில வாரம் கழித்து அதே இடத்தைத் திரும்பப் பார்க்காமல் விட்டால் செய்த வேலை வீண்.

வெப்பமான, அசைவற்ற நீரில் ஆக்சிஜனும் குறையும். 2019 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானபோது மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கில் தீவருகே பவளமும் அடிபட்டது. சூடான கோடையில் இளைத்த பவளத்துக்கு அதன்பின் வரும் இத்தகைய சிறு அடிகளே போதும். நோய்களும் அப்படித்தான், வெளிறித் தேறிய பவளங்களில் அடுத்த மாதங்களில் நோய் கூடுவது உலகெங்கும் பார்த்த விஷயம்.

கண்ணில் படாத இழப்பும் ஒன்று உண்டு. வெளிறித் தேறிய பவளம் உயிர்பிழைத்தாலும் அடுத்த இனப்பெருக்கத்தில் முட்டையும் விந்தும் குறைவாகவே உண்டாக்குகிறது. தூத்துக்குடிப் பகுதியில் அக்ரோபோரா வகைகள் முட்டையிடுவது கோடையின் தொடக்கத்தில், மார்ச் மாத வாக்கில். அதாவது குஞ்சுகள் பாறையில் ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போதே ஆண்டின் கொடிய வெப்பம் அவற்றின்மேல் இறங்குகிறது. தாய் இளைத்து, குஞ்சும் கருகினால், பெரிய பவளங்கள் உயிரோடிருந்தும் பாறைக்குப் புதுத் தலைமுறை கிடைக்காது.

குறைந்துவரும் இடைவெளி

கிளைப் பவளம் நல்ல நீரில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்வரை வளரும். உருண்டைப் போரைட்டிஸ் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். அடிபட்ட பாறை கிளைப் பவளங்களால் மீண்டும் நிறைய, எல்லாம் கூடிவந்தால், பத்துப் பதினைந்து ஆண்டு வேண்டும். ஒரு மனிதன் உயரத்துப் போரைட்டிஸ் செத்தால் அதே அளவுக்கு வர நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

இந்தக் கணக்கோடு நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1998-இல் மன்னார் வளைகுடாவில் பவளப் பரப்பின் 89 சதவீதம் வெளிறி 23 சதவீதம் செத்தது. அடுத்த பேரிழப்பு 2010-இல்: பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. அதற்கடுத்தது 2016-இல்: ஆறு ஆண்டு. 2020 மே மாத வெப்ப அலையின்போது இங்கே 85 சதவீதப் பவளம் வெளிறியது: நான்கு ஆண்டு. 2024 கோடையில் மறுபடியும்: நான்கு ஆண்டு. 2010-க்கும் 2016-க்கும் நடுவே பாறை ஓரளவு தேறிக்கொண்டிருந்ததும் உண்மை. மீளும் வலு இன்னும் இருக்கிறது. அதற்குரிய காலம்தான் கிடைக்கவில்லை.

1998, 2010, 2016, 2024 நான்கும் எல் நினோவை, அதாவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வை, ஒட்டிய ஆண்டுகள். எல் நினோ பசிபிக்கில் உச்சம் தொட்டபின் வரும் ஏப்ரல், மே மாதங்களில் இந்தியப் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும். எல் நினோ புதிதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக வந்துபோவதுதான். அது ஏறி நிற்கும் அடிமட்டம் உயர்ந்துவிட்டது. அன்றைய எல் நினோ ஆண்டின் வெப்பம் இன்றைய சாதாரண ஆண்டின் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது.

உலகளவிலும் இதே போக்கு. 1980களின் தொடக்கத்தில் ஒரு பாறைக்கு இரண்டு கடும் வெளிறுதல்களுக்கு நடுவே 25 முதல் 30 ஆண்டு கிடைத்தது. 2016 வாக்கில் அது 6 ஆண்டாகச் சுருங்கிவிட்டது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என்று பத்தே ஆண்டில் ஆறு பெரும் வெளிறுதல்கள். 2023-இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளிறுதலில் உலகப் பவளப்பாறைப் பரப்பின் 84 சதவீதம் வெளிறுமளவுக்கு வெப்பத்தைச் சந்தித்தது. 1998-இல் அது 21 சதவீதம்தான்.

லட்சத்தீவின் அனுபவம் நமக்கு மிக நெருக்கமான பாடம். அங்கே 1998-இல் 37 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 2022-இல் 19 சதவீதமாகிவிட்டது என்பது 24 ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு. ஒவ்வொரு வெளிறுதலிலும் சாகும் விகிதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மென்மையானவை முதலிலேயே போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் மீளும் வேகமும் குறைந்துகொண்டே வந்தது. சுமார் ஆறு ஆண்டு தொடர்ந்து பேரழிவில்லாமல் இருந்தால்தான் அங்கே மீட்சி வேகம் பிடித்தது. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கையின் மேற்கே கற்பிட்டிக் கடலில் 1998-இல் ஆழங்குறைந்த பாறைகளின் பவளம் கிட்டத்தட்ட முழுவதும் செத்தபோது, கிழக்கே திருகோணமலைப் புறாத்தீவுப் பக்கம் அந்த ஆண்டு தப்பியது. ஒரே தீவின் இரு கரைகள், ஒரே எல் நினோ. நீரோட்டமும் காற்றும் இடத்துக்கு இடம் வேறு. இப்படித் தப்பும் இடங்களை முன்கூட்டியே கண்டறிந்து காப்பது, அடிபட்ட இடங்களுக்கு வேண்டிய குஞ்சுகளுக்கு மூலம் தேடிவைப்பதாகும்.

உள்ளூரில் செய்யக்கூடியவை, அவற்றின் எல்லை

கடலைக் குளிர்விக்க மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ யாராலும் முடியாது. அது கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும் வேலை. புவி 1.5 டிகிரி சூடேறினால் வெப்பக் கடல்களின் பவளப்பாறைகள் 70 முதல் 90 சதவீதம் வரை குறையும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும் என்பது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2018 மதிப்பீடு. இந்த வேறுபாட்டில்தான் மன்னார் வளைகுடாவின் எதிர்காலம் இருக்கிறது.

உள்ளூரில் முடிவது, கிடைக்கும் அந்த நான்கைந்து ஆண்டில் பாறை தேறுவதற்குத் தடையாக இருப்பவற்றை நீக்குவது. பாசியை மேய்ந்து தின்னும் கிளி மீனையும் அதன் கூட்டாளிகளையும் பாறையில் விட்டுவைத்தால், செத்த பரப்பு பாசி மூடாமல் இருந்து பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்கும். கழிவுநீர் சேர்ந்தால் பாசி உரமேறி அந்த மேய்ச்சலை மிஞ்சிவிடும். பாறைமேல் மீன் கூடு வைப்பதும், நங்கூரம் போடுவதும், கரைக்கு அருகில் இழுவை மடி ஓட்டுவதும் கிளைகளை உடைத்துச் சல்லியாக்கும், வண்டல் கிளப்பும். வெளிறிய பவளம் தன்மேல் படியும் வண்டலைத் தள்ளுவதற்கே ஆற்றலைச் செலவிட வேண்டிவரும். அதனால் இந்தத் தடைகள் ஆண்டு முழுவதும் வேண்டும் என்றாலும், ஏப்ரல் முதல் கச்சான் நிலைபெறும் வரையிலான வாரங்களில் அவற்றைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவதன் பலன் பலமடங்கு. சட்டத்துக்குக் குறைவில்லை: 1986 முதல் இது கடல்சார் தேசியப் பூங்கா, 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதற்கு முன் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளம் வெட்டியதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையின் வேகத்தில் பெரும்பகுதியைப் பாறைதான் வாங்கிக்கொள்கிறது. பாறை போனால் தீவு கரைவது நேரடியான விளைவு.

பவளம் நட்டு வளர்ப்பது இங்கே இருபது ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. விரல் நீளத் துண்டுகளைச் சிறு சிமெண்ட் பலகைகளில் கட்டி, பலகைகளைக் கான்கிரீட் சட்டங்களில் பொருத்தி, சல்லியும் மணலும் உருளாத உயரத்தில் வைக்கிறார்கள். துண்டு ஆடினால் ஒட்டாது. கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், சில வாரத்தில் திசுவே கட்டை மூடி வளரும். கோடைக்குச் சற்றுமுன் நடுவது தவறு. வெட்டுக்காயம் ஆறி, துண்டு ஒட்டிப்பிடித்துத் தேறக் குறைந்தது சில மாதமாவது வெப்பமில்லாத நீர் வேண்டும். வாடைக்காலம் முடிந்து நீர் தெளிந்ததும் நட்டால் அந்த அவகாசம் கிடைக்கும்.

எவ்வளவு நன்றாக நட்டாலும் வெப்பத்துக்கு அது பதிலாகாது என்பதை 2023 ஜூலை ஃபுளோரிடாவில் காட்டியது. சொம்ப்ரேரோ பாறையில் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு மீட்ட இடத்துப் பவளங்கள் ஒன்றுவிடாமல் செத்தன. மற்ற நாற்றங்கால்களிலிருந்து பவளத்தை அள்ளிக்கொண்டு கரையிலுள்ள தொட்டிகளுக்கு ஓட வேண்டியிருந்தது. அங்கே நட்டவற்றில் பெரும்பகுதி மான்கொம்பு போன்ற கிளை வகைகள், அதுவும் சில தாய்ப்பவளங்களிலிருந்தே வெட்டிப் பெருக்கியவை. ஒரே தாயின் துண்டுகள் ஆயிரம் இருந்தாலும் வெப்பத்துக்கு அவை ஒரே பவளம்தான். ஒன்று சாகும் சூட்டில் எல்லாம் சாகும்.

ஆகவே மன்னார் வளைகுடாவில் துண்டு எடுக்கும்போது, வேகமாக வளர்கிறது என்பதற்காக ஓரிரு பவளங்களையே வெட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 2016, 2020, 2024 மூன்றிலும் சுற்றியிருந்தவை வெளிறியபோது நிறம் மாறாமல் நின்றவற்றையும், வெளிறியும் விரைவில் தேறியவற்றையும் தனித்தனியாக எண்ணிட்டு அடையாளம் வைத்து, வெவ்வேறு தீவுகளிலிருந்து பல தாய்களை எடுக்க வேண்டும். நட்ட சட்டம் ஒவ்வொன்றிலும் எந்தத் தாயின் துண்டு என்று பதிந்துவைத்தால், அடுத்த சூடான மே மாதத்தில் எது நின்றது, எது போனது என்று கண்டறியலாம். அந்தப் பதிவு இல்லாமல் நடும் ஒவ்வொரு துண்டும், செத்தாலும் பிழைத்தாலும், நமக்கு எதையும் கற்றுத்தராமல் போய்விடும்.